ஆர்கனுக்குப் பின்னால் நின்றது

இஞ்சேருங்க.

உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். கட்டிய நாளிலிருந்து உங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை. புருசன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சொல்லாமல் இருந்தும் குறைந்துதானே போனது. கல்லறைக்குப் பெயர் வெட்டுகிறவர் வந்து கேட்டபோதும் என்னால் சொல்ல முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். உங்களைப் பெற்ற மாமிதான் சொன்னார்கள். இப்போதும் அடுப்படியில் இருந்துகொண்டு சில நேரம் கூப்பிட்டுவிடுகிறேன். மாமி ஒன்றும் கேட்காததுபோல் இருந்துகொள்வார்கள்.

அவரைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு நாகர்கோவிலில் ஒரு அச்சுக்கூடத்தில் புத்தகம் பைண்டு பண்ணுகிற வேலை. விடியும்போது நடந்து போவார், விளக்கு வைக்கும் நேரம் திரும்பி வருவார். பசையும் தோலும் கலந்த ஒரு வாசம் எப்போதும் அவர் கையில் இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. நான் வீட்டில் இருந்து லேஸ் பின்னுவேன். மிஷன் அம்மாமார் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த வேலை அது. இரண்டு பேருக்கும் மாமிக்கும் கஞ்சிக்குக் குறைவில்லை.

எங்கள் வேதக்கோயில் கல்லால் கட்டிய பெரிய கோயில். ஆல்டருக்கு இடது பக்கம் ஒரு ஆர்கன் நின்றது. அது ஆர்மோனியம் அல்ல. ஆள் உயரத்துக்கு மேல் குழல் குழலாக நிற்கும் சீமை ஆர்கன். பழைய காலத்தில் இங்கே இருந்த ஒரு துரைசாணி அம்மாள், சீமைக்குத் திரும்பிப் போனபிறகு வாங்கி அனுப்பியது. கப்பலில் குளச்சலுக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்ததாம். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அது ஊமையாகிப் பல வருசம் ஆகியிருந்தது. காற்று பிடிக்கிற துருத்தியின் தோலை எலி தின்றிருந்தது. மரத்தில் கறையான். ஈயக் குழல்களில் சிலதைக் காணவில்லை. அது கடப்புறத்துக்குப் போய் வலைக்கு ஈயக்குண்டாகிவிட்டது என்று பேச்சு. ஆர்கனுக்குப் பின்னால் இருந்த இடத்தில் கோயில் விருந்தான அசனத்துக்குச் சோறு பொங்கும் வார்ப்புகளையும் துடைப்பத்தையும் போட்டு வைத்திருந்தார்கள். பாட்டுக்கு ஒரு ஆர்மோனியம் இருந்தது, பள்ளிக்கூட வாத்தியார் வாசிப்பார்.

பிரசங்க பீடத்தில் இருந்த பெரிய வேதப்புத்தகத்தின் அட்டை கழன்றுவிட்டது என்று அவரை ஒரு நாள் கூப்பிட்டார்கள். புத்தகத்தை அளந்துவிட்டுத் திரும்பியவர், கீழே கிடந்த ஒரு குழலை எடுத்துத் தூசி தட்டி ஊதிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

"என்ன, குழம்பு உப்பா?" என்றேன்.

"அது ஊமை இல்ல பிள்ள. நெஞ்சு கிழிஞ்சு போய்க் கெடக்கு, அவ்வளவுதான். தோலு மாத்துனா பாடும்."

"பாடுனா யாரு கேக்கப் போறா? அதான் ஆர்மோனியம் இருக்கே."

"நான் கேப்பேன்" என்றார். "கோயில் நெறைய ஆளு இருக்கச்செ ஒரு நாள் அது பாடணும். நானும் பெஞ்சில இருந்து எல்லாருக்க கூடயும் பாடணும். வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம், கேட்டியா?"

இதுதான் அவருடைய ஆசை. வேறு ஆசை எதுவும் அவர் வாயால் நான் கேட்டதில்லை. வீட்டுக்கு ஓடு போடணும், வயல் வாங்கணும் என்றெல்லாம் மற்ற ஆண்பிள்ளைகள் சொல்வதுபோல் அவர் சொன்னதில்லை.

சபைக் கமிட்டியில் மூப்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீரு புஸ்தகம் தைக்குகவரு வே. சீமச் சாமானத் தொட்டு இன்னும் கெடுத்துப் போட்டா யாரு பதில் சொல்லுகது?"

"எலி கெடுக்காததா மூப்பரே? எலிக்கு மேல நான் என்னத்தக் கெடுத்துருவேன்?" என்றாராம் இவர். போதகர் ஐயா சிரித்துவிட்டார். சிரித்ததால் அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானமும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகும் கோயிலே கதி என்று கிடப்பார். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. பிரித்துப் பார்ப்பார், திரும்பப் பூட்டுவார், பூட்டினது சரியில்லை என்று மறுபடி பிரிப்பார். முதல் முறை அவர் பண்ணின தப்பைச் சொன்னால் இன்றைக்கும் ஊரில் சிரிப்பார்கள். துருத்திக்குப் புது ஆட்டுத்தோல் ஒட்டினாரே, அதைப் புத்தகத்துக்குப் போடுகிற மாவுப் பசையால் ஒட்டிவிட்டார். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. பூச்சி வரவில்லை. ஆனி மாதச் சாரல் வந்தது. பசை ஈரத்தில் இளகிப் போய்விட்டது. அன்றைக்குக் கோயிலில் பெண்கள் கூட்டம். ஜெபம் நடக்கும்போது, ஒரு ஓரத்தில் இவர் துருத்தியில் காற்று நிறைத்துப் பார்த்திருக்கிறார். தோல் ஒரே அடியாகப் பிளந்து, சினைமாடு மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். கண்ணை மூடியிருந்த பெண்கள் எல்லாம் எழும்பிவிட்டார்கள்.

"எவட்டி அது?" என்று ஒருத்தி கேட்க, கோயில் முழுக்கச் சிரிப்பு. மாமிக்கு வெட்கம் தாங்கவில்லை. "எனக்க மொவன் வச்சிருக்க எளவுதான், வேற யாரு?" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஆசாரி ஒருவர் சொன்னார், மரத்துக்கு ஒட்டுகிற வச்சிரத்தைக் காய்ச்சி ஒட்டினால்தான் ஈரத்துக்கு நிற்கும் என்று. ஒட்டின தோலை எல்லாம் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அலுப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை.

இந்த வேலைக்குள் நான் வந்தது அப்போதுதான். துருத்தியை அடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆர்கனுக்குப் பின்பக்கம் ஒரு நீளக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து மேலும் கீழும் அடித்தால்தான் காற்று நிறையும், குழல் பேசும். பக்கத்தில் ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டு தொங்கும். காற்று நிறைய நிறையக் குண்டு இறங்கும். குறைந்தால் ஏறும். அது மரத்தில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி மேலே போய்விடக்கூடாது. நான் அவருக்குச் சோறு கொண்டு போனவள், தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையைப் பிடித்தேன்.

"பைய பிள்ள, பைய. நெல்லா குத்துக? தொட்டில் ஆட்டுக மாதிரி."

"தொட்டில் ஆட்டி எனக்கு என்ன பழக்கம்?" என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொல்லிவிட்டுக் கட்டையையே அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குழல்களுக்கு நடுவில் தலையை நீட்டி, "இத ஆட்டிப் பழகு. வரப்போற பிள்ளைக்கு ஆகும்" என்றார்.

காணாமல் போன ஈயக் குழல்களுக்குப் பதில் என்ன செய்வது என்று ரொம்ப நாள் யோசித்தார். கடைசியில் குழித்துறைச் சந்தைக்குப் போய் மூங்கில் வாங்கி வந்து, அறுத்து, காய வைத்து, ஊதி ஊதிப் பார்த்து, அதையே குழலாக நிறுத்திவிட்டார். சீமைக் குழல்களுக்கு நடுவே மஞ்சளாக நின்றது. கோயிலில் மணியடித்துப் பெருக்குகிற கோயில்குட்டியார் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா வே?" என்றார்.

"முங்கித்தான வந்துருக்கு, ஆத்துல கெட்டி மெதக்க விட்டுத்தான் கொண்டு வருகான்" என்றார் இவர்.

எங்கள் சபையில் தண்ணீர் தெளித்துத்தான் ஞானஸ்நானம். முழுக்கு ஞானஸ்நானக்காரர்களுக்கும் எங்களுக்கும் அப்போது ஊரில் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது. கோயில்குட்டியார் சிரித்து இருமலே வந்துவிட்டது. இவருக்கும் இருமல் வந்தது. கோயில்குட்டியாருக்கு நின்றது. இவருக்கு நிற்கவில்லை.

தூசி என்றுதான் நினைத்தோம். எலிப் புழுக்கை, கறையான் மண், பழைய தோல், அதற்குள்ளேயே கிடக்கிறாரே என்று. பிறகு ராத்திரி காய்ச்சல் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, சுவாசப்பையில் நோய், ஓய்வு வேண்டும், பால் முட்டை கொடுங்கள் என்றார். அச்சுக்கூட வேலை நின்றது. வீட்டில் படு என்றால் கேட்பாரா? நல்லதாகப் போனது என்று வெயில் ஏறியதும் மெல்ல நடந்து கோயிலுக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு குழலையும் அடிப்பக்கம் வாய் வைத்து ஊதித்தான் அவர் பார்ப்பார். மூச்சு முடியாமல் போனபோது குழலை என்னிடம் நீட்டினார். நான் ஊதினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "செத்தக் கம்மியா ஊது. ஆங். அவ்வளவு மதி." பிறகு சின்னக் கத்தியால் ஒரு சுரண்டு சுரண்டுவார். மறுபடி ஊது என்பார். ஈயத்தில் அவர் எச்சில் ஈரம் இருக்கும். நான் துடைக்க மாட்டேன்.

மாமி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார்கள். கோயில் என்றும் பார்க்காமல் கத்தினார்கள். "ஏலே, ஒனக்கு வந்தது மதியாதா? அவளுக்க நெஞ்சும் போகணுமாலே? ஏட்டி, அவன் வாய் வச்சதுல நீ வாய் வைக்காத. ஒங்க அம்மைக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?"

அவர் குழலைக் கீழே வைத்துவிட்டார். முகம் கறுத்துப் போயிற்று. "அம்ம சொல்லுகது சரிதான்" என்றார். நான் எடுத்து ஊதினேன். மாமி என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். மறுநாள் ஒரு சட்டியில் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டு வந்து ஆர்கன் பக்கத்தில் வைத்தார்கள். "தொடச்சிட்டு வாய வையிட்டி" என்றார்கள். அதன் பிறகு தினமும் கொண்டு வந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது ஆர்கன் முடிந்துவிட்டது. ஒரே ஒரு குறை. துருத்தியின் ஒரு மூலையில் தோல் சரியாகப் பிடிக்கவில்லை. அதைச் சரியாக்க வேண்டுமானால் துருத்தி முழுவதையும் கழற்றி இறக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தெம்பில்லை. அதனால் பெரிய குழல்கள் பேசும்போது காற்று குபுக்கென்று போகும். அது தெரிந்து, அதற்கு முன்பே குட்டி குட்டியாக விரைந்து அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நேரம் பையத்தான் அடிக்க வேண்டும். எனக்கு அது கையில் வந்துவிட்டது. சொல்லிக் கொடுக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது.

கமிட்டி கூடி, கிறிஸ்மசுக்கு மிஷனிலிருந்து வெள்ளைக்காரத் துரை வருகிறார், அவர் கையால் பிரதிஷ்டை பண்ணி அன்றைக்கு முதலில் வாசிக்கலாம், அதுவரை ஆராதனையில் வாசிக்க வேண்டாம் என்று முடிவு பண்ணியது. நல்ல எண்ணத்தில்தான் பண்ணினார்கள். ஆனால் அப்போது அவர் சளியில் ரத்தம் வரத் தொடங்கியிருந்தது. நான் போதகர் ஐயாவிடம் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு ஞாயிற்றுக்கெழம முன்னாடியே வாசிக்கச் சொல்லணும். அவிய பெஞ்சில இருந்து கேக்கணும்னு ஆசப்படுகாவ."

ஐயாவுக்கு மனம் இருந்தது. பக்கத்தில் இருந்த மூப்பர்தான், "துரை வருகதுக்கு முன்ன வாசிச்சா அவருக்கு என்ன மரியாத பிள்ள? கொஞ்ச நாளுதான, பொறுக்கலாம்" என்றார். நான் போனதை அறிந்து இவர் என்னைக் கோபித்துக்கொண்டார்.

"நீ போய்க் கெஞ்சாத. கிறிஸ்மஸ் வரைக்கும் நான் இருப்பேன்."

இருக்கவில்லை. கார்த்திகையில் ஒரு விடியற்காலம், மழை விட்டிருந்தது, தலையைத் தூக்கித் தண்ணீர் கேட்டார். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அதை நான் எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலமே அடக்கம். நான் அவர் தலைமாட்டில் இருந்தேன். முற்றத்தில் ஆண்கள் பேசுவது கேட்டது. வாத்தியார்தான் ஆரம்பித்தார், ஆர்மோனியம் வேண்டாம், ஆர்கன் வாசிக்கிறேன் என்று.

"மொதல் வாசிப்பு சாவுக்கா வே? அபசகுனம்" என்றார் மூப்பர்.

"அபசகுனம்னு வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு, மூப்பரே?" என்று போதகர் ஐயா கேட்டார்.

"வேதத்துல இல்ல, சரி. நாளைக்கு ஒரு கல்யாணம் கெட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்?"

அதுவரை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த மாமி எழும்பி வாசலுக்குப் போனார்கள். ஆண்கள் பேச்சில் அவர்கள் ஒரு நாளும் போய் நின்றதில்லை. "எனக்க மொவன் தோலு தச்சது அது. எனக்க மொவனுக்கு மொதல்ல வாசியுங்க. துரைக்குப் பொறவு வாசிச்சா மதி" என்றார்கள். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர்.

கோயில் நிறைந்திருந்தது. அச்சுக்கூடத்து ஆட்கள்கூட வந்திருந்தார்கள். பெட்டியை ஆல்டருக்கு முன்னால் மூடாமல் வைத்தார்கள். எங்கள் வழக்கம், கட்டினவள் பெட்டியின் தலைப்பக்கம் கீழே இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கும்வரை எழும்பக்கூடாது. கடைசிப் பாட்டு பாடும்போது மூடுவார்கள். மூடுவதற்கு முன் நெற்றியில் முத்தம் கொடுக்க அவளை விடுவார்கள். நான் அதற்குத்தான் மனத்தைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

துருத்தி அடிக்க அவருடைய சித்தப்பா மகன் போனான். நல்ல பலசாலி. பலம்தான் கெடுத்தது. வாத்தியார் முதல் வரியை எடுத்தார், குழல் எல்லாம் நன்றாகத்தான் பேசின. பெரிய குழலுக்கு வந்ததும் காற்று போய்விட்டது. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுத்துக்கொண்டே கீழே இறங்கி நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடி அப்படியே. பின்னால் பிள்ளைகள் யாரோ சிரித்தார்கள். ஒரு பெரிய ஆள் "உஸ்" என்றார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "பாவம், இதுக்குத்தானா இவன் நெஞ்சு கிழிஞ்சு செத்தான்" என்றது எனக்குக் கேட்டது.

எனக்குத் தெரியும் அது ஏன் என்று. தெரிந்தவள் ஒருத்தியே, அவளும் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மாமி என் கையைப் பிடித்திருந்தார்கள். அந்தக் கையை விட்டுவிட்டார்கள்.

"நீ போ மக்களே" என்றார்கள் என்னிடம்.

நான் எழும்பினேன். தலைமுடி கட்டியிருக்கவில்லை. எல்லார் முன்னாலும் ஆல்டரைத் தாண்டி நடந்தேன். "கெட்டுனவன் பெட்டி கெடக்க இவ எங்கட்டி எழும்பிப் போறா?" என்று ஒரு குரல். அந்தப் பையன் கையிலிருந்து கட்டையை வாங்கினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பின்னால் இருந்து ஒன்றும் தெரியாது. சுண்ணாம்புச் சுவர், அசன வார்ப்புகள், நூலில் அந்தக் குண்டு, அவ்வளவுதான். வாத்தியார் எடுத்தார். நான் அடித்தேன். இந்தத் தடவை காற்று இறங்காமல் நின்றது. சபை எழும்பிப் பாடியது. அத்தனை பேரும் பாடுகிற சத்தத்துக்கு அடியில் ஆர்கன் பெரிய மரம்போல் நின்றது. நடுநடுவே மூங்கில் குழல்கள் கேட்டன. எது எந்தக் கணுவில் அறுத்தது என்று எனக்குத் தெரியும். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. கட்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கண்ணீரில் குண்டு இரண்டாகத் தெரிந்தது.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. இப்போது போனால் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்தப் பாட்டில்தான் பெரிய குழல்கள் அதிகம். கையை விட்டால் அவருடைய ஆர்கன் அவர் முன்னால் மறுபடி கத்திக்கொண்டு விழும். நான் விடவில்லை. மூன்றாவது சரணத்தில் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. ஆணி அடிக்கிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏற்றாற்போல் என் கை போகாமல் பார்த்துக்கொண்டேன். பையத்தான் அடித்தேன்.

பாட்டு முடிந்து முன்னால் வந்தபோது பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது. வெளியே மழை. ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. கோயில் படியில் மாமி என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

கிறிஸ்மசுக்குத் துரை வந்தார், பிரதிஷ்டை நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் துருத்தி அடிக்கிறேன். அதனால் நானும் அதைப் பெஞ்சில் இருந்து கேட்டதில்லை. அடக்கத்தன்று முன்பக்கம் இருந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்த்தேன். நல்லா இருந்தது என்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. மாமியிடம் மட்டும் நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தது அவர்கள்தான்.

ஒரு நாள் போதகர் ஐயாவிடம் கேட்டேன், அவிய அதைக் கேட்டிருப்பாவளா என்று. அவர் "கர்த்தருக்குத் தெரியும் பிள்ளே" என்றார். ஜெபிக்கலாமா என்றேன். நம் சபையில் மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை, உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் என்றார். எனக்கும் அது தெரியும், சின்ன வயதிலேயே படித்ததுதான். கடப்புறத்துக் கத்தோலிக்கப் பெண்கள் செத்தவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்தும்போது நாங்கள் வித்தியாசமாகப் பார்த்துக்கொண்டு போவோம். எது சரி என்று தர்க்கம் பண்ண எனக்குப் படிப்பு இல்லை. எனக்கு ஒன்றுதான் வேண்டும். அத்தனை பேர் நடுவில் அது பாடியபோது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்கள் எந்தச் சபையாக இருந்தாலும், எந்த வேதமாக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த விதத்தில் அவருக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கள். எல்லோரும் பண்ணுங்கள்.